அமோஸ் அலோன்சோ ஸ்டாக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் ஆரம்ப காலத்தைப் படிக்கத் தொடங்கும் எவருக்கும் ஸ்டாக் என்ற பெயர் சீக்கிரமே எதிர்ப்படும். ஆட்டக்காரர், பயிற்சியாளர், பேராசிரியர், கூடைப்பந்து, அணு உலை என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இடங்களிலெல்லாம் அது வருவதால் அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப எழுகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால்.

1. ஸ்டாக் யாருங்க? சுருக்கமா சொல்லுங்க.

அமோஸ் அலோன்சோ ஸ்டாக், 1862 ஆகஸ்ட் 16 அன்று நியூ ஜெர்சி மாநிலம் வெஸ்ட் ஆரஞ்சில் ஒரு செருப்புத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தார். யேல் பல்கலைக்கழகத்தில் ஆடினார். ஸ்பிரிங்ஃபீல்டில் 2 பருவம், சிகாகோ பல்கலைக்கழகத்தில் 41 பருவம், கலிஃபோர்னியாவின் பசிஃபிக் கல்லூரியில் 14 பருவம் என்று 1890 முதல் 1946 வரை 57 பருவங்கள் தலைமைப் பயிற்சியாளராக இருந்தார். 1965 மார்ச் 17 அன்று ஸ்டாக்டன் நகரில் 102 வயதில் இறந்தார்.

இவரைவிட அதிக ஆட்டம் ஜெயித்தவர்கள் பின்னால் வந்துவிட்டார்கள். ஆனால் பயிற்சியாளர் வேலையைப் பல்கலைக்கழகத்தின் நிரந்தர ஆசிரியர் வேலையாக மாற்றியவர் இவர். இவருடைய பலம், இவர்மேல் வந்த விமர்சனம், 70 வயதில் வேலை போனது ஆகிய மூன்றுமே அந்த ஒரு ஏற்பாட்டிலிருந்து வந்தவை. கீழே உள்ள பதில்களில் அது மறுபடி மறுபடி தலைகாட்டும்.

2. ஃபுட்பால்னா நாம ஆடுற கால்பந்துதானே?

இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடி, எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டும் ஆட்டம் இது. ரக்பியிலிருந்து பிரிந்து வளர்ந்தது. 1880-இல் யேலைச் சேர்ந்த வால்டர் கேம்ப் முன்மொழிந்த இரண்டு மாற்றங்களால் அது தனி ஆட்டமாயிற்று: அணிக்கு 11 பேர், பந்தைக் கோட்டில் வைத்து ஓர் அணி தொடங்கும் முறை. 1882-இல் மூன்று முயற்சிக்குள் 5 யார்டு முன்னேற வேண்டும், இல்லையென்றால் பந்து எதிரணிக்கு என்ற விதி வந்தது. அந்த முயற்சிக்குத்தான் 'டவுன்' என்று பெயர்.

ஸ்டாக் ஆடிய காலத்தில் முன்னோக்கிப் பந்தை எறிய அனுமதி இல்லை. தலைக்கவசமும் இல்லை. ஒரு யார்டு என்பது மூன்று அடி. 5 யார்டு என்பது ஒரு நடுத்தர அறையின் நீளம். அந்த 15 அடிக்காக 22 பேர் மோதிக்கொண்டது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தால் 13-ஆம் கேள்வி ஏன் வந்தது என்பது புரியும்.

3. அந்தக் கால ஸ்கோர் ஒண்ணுமே புரியல. 7-6, 2-0 எல்லாம் எப்படி வருது?

இன்றைய புள்ளிக் கணக்கை வைத்துப் பழைய ஸ்கோரைப் படிக்கக் கூடாது. 1884 முதல் டச்டவுன் (பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டுவது) 4 புள்ளி, அதற்குப் பிறகு அடிக்கும் உதை 2, ஓட்ட நடுவே பந்தை உதைத்துக் கம்பத்துக்கு மேலே அனுப்பும் ஃபீல்டு கோல் 5, சேஃப்டி (பந்து வைத்திருப்பவரை அவருடைய சொந்தக் கோட்டுக்குப் பின்னால் வீழ்த்துவது) 2. அதாவது அன்று உதைக்குத்தான் மதிப்பு அதிகம். 1898 வாக்கில் டச்டவுன் 5 ஆனது, பின்னுதை 1 ஆனது. ஃபீல்டு கோல் 1904-இல் 4 ஆகவும், 1909-இல் இன்றுள்ள 3 ஆகவும் குறைந்தது. டச்டவுன் 6 ஆனது 1912-இல். அதே ஆண்டுதான் நான்காவது டவுனும் வந்தது.

உதாரணத்துக்கு 1896-இல் சிகாகோ, மிச்சிகனை 7-6 என்று வென்ற ஆட்டம். கொலிசியம் என்ற கூரையிட்ட அரங்கத்துக்குள் நடந்தது. மிச்சிகன் டச்டவுன் போட்டுப் பின்னுதையும் அடித்தது: 4 + 2 = 6. சிகாகோ டச்டவுனே போடவில்லை. ஒரு சேஃப்டி, கிளாரன்ஸ் ஹெர்ஷ்பெர்கர் அடித்த ஒரு ஃபீல்டு கோல்: 2 + 5 = 7. இன்றைய கணக்கில் 7-5 என்று மிச்சிகன் ஜெயித்திருக்கும்.

4. யேல்ல அவர் பேஸ்பால்தான் ஆடினார்னு சிலர் சொல்றாங்க. எது சரி?

இரண்டும் சரி. முதலில் பெயர் வாங்கியது பேஸ்பாலில், பந்து எறிபவராக. 1888-இல் பிரின்ஸ்டனுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 20 பேரை ஸ்டிரைக் அவுட் செய்ததாகப் பதிவு உண்டு. தொழில்முறை அணிகள் கூப்பிட்டும் போகவில்லை. பணத்துக்காக ஆடினால் ஆட்டம் கெடும் என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. கடைசிவரை அதில் மாறவில்லை.

ஃபுட்பாலில் அவருடைய இடம் 'எண்ட்', அதாவது முன்வரிசையின் கடைசி ஆள். உருவத்தில் சிறியவர். அந்த இடத்துக்கு உடம்பைவிட வேகமும், எதிராளி எந்தப் பக்கம் திரும்புவான் என்று முன்கூட்டிப் படிக்கும் கண்ணும்தான் தேவை. 1889-இல் முதன்முதலாக அறிவிக்கப்பட்ட ஆல்-அமெரிக்கா அணியின் (நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர்களின் கௌரவப் பட்டியல்) 11 பேரில் இவரும் ஒருவர்.

5. 1888-ல பட்டம் வாங்கிட்டார்னா 1889-ல எப்படி காலேஜ் டீம்ல ஆட முடிஞ்சது?

அன்று அதைத் தடுக்கும் விதி இல்லை. பட்டம் முடித்து, அதே யேலில் இறையியல் பள்ளியில் சேர்ந்தார். மேற்படிப்பு மாணவரும் கல்லூரி அணியில் ஆடலாம் என்பதால் 1888, 1889 பருவங்களில் ஃபுட்பால் ஆடினார். முதலாண்டு மாணவர் ஆடக்கூடாது, பட்டம் பெற்றவர் ஆடக்கூடாது, மொத்தம் மூன்று பருவம்தான் என்ற கட்டுப்பாடுகளை 1906-இல் மேற்கத்தியக் கல்லூரிகள் கொண்டுவந்தன. அதனால் 1906-க்கு முந்தைய ஆட்டக்காரரின் வயதையும் பருவ எண்ணிக்கையையும் பார்த்து ஏதோ மோசடி என்று முடிவு கட்ட வேண்டாம்.

6. யேல் ஒரே சீசன்ல 698-0ன்னு போட்டிருக்கே, அச்சுப் பிழையா?

பிழை இல்லை. 1888 பருவத்தில் யேல் 13 ஆட்டமும் வென்றது. மொத்தம் 698 புள்ளி எடுத்தது, ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்கவில்லை. பயிற்சியாளர் வால்டர் கேம்ப். அவருக்குப் பகலில் அலுவலக வேலை இருந்ததால் மனைவி ஆலிஸ் மைதானத்துக்குப் போய்ப் பயிற்சியைப் பார்த்துக் குறிப்பெடுத்து வருவார். இரவில் அதை வைத்து கேம்ப் ஆட்டக்காரர்களோடு பேசுவார்.

ஆனால் 698-ஐ அப்படியே வியக்கவும் வேண்டாம். எதிரணிகள் பல, அந்த ஆட்டத்தில் அப்போதுதான் கால் வைத்தவை. ஹார்வர்டு, பிரின்ஸ்டன், யேல், பென்சில்வேனியா ஆகிய நான்குக்கும் மற்றவற்றுக்கும் நடுவே இருந்த இடைவெளி மிகப் பெரியது.

7. பாதிரியார் ஆகப் படிச்சவர் ஏன் கோச் ஆனார்?

மேடையில் நின்று பேசுவது அவருக்குச் சரியாக வரவில்லை. பிரசங்கம் தன்னால் ஆகாது, இளைஞர்களை நல்வழிப்படுத்த மைதானமே போதும் என்று முடிவெடுத்தார். 1890-இல் மாசசூசெட்ஸ் மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே அவருடைய ஃபுட்பால் அணியில் நடுவில் ஆடியவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். அவர் 1891 டிசம்பரில் கூடைப்பந்தை உருவாக்கினார். 1892 மார்ச்சில் பொதுமக்கள் முன் நடந்த முதல் கூடைப்பந்து ஆட்டத்தில் மாணவர்கள் ஆசிரியர்களை 5-1 என்று வென்றார்கள்; ஆசிரியர்களின் அந்த ஒற்றைக் கூடையைப் போட்டவர் ஸ்டாக். கூடைப்பந்துப் புகழரங்கிலும் அவர் பெயர் இருப்பதன் ஆரம்பம் இதுதான்.

சென்னைக்காரர்களுக்கு ஒரு தகவல்: இன்று நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரியை 1920-இல் தொடங்கிய ஹாரி க்ரோ பக், இதே ஸ்பிரிங்ஃபீல்டு பள்ளியில் பயின்றவர். உடற்பயிற்சியை ஒரு படிப்பாகவும், அதைச் சொல்லித்தருபவரை ஆசிரியராகவும் பார்க்கும் பார்வை இரண்டு இடத்துக்கும் ஒரே ஊற்றிலிருந்து வந்தது.

8. 'எண்ட்ஸ் பேக்'னு ஒரு அமைப்பு சொல்றாங்களே, அதுல என்ன விசேஷம்?

சாதாரணமாக ஏழு பேர் கோட்டில் நிற்பார்கள், நான்கு பேர் பின்னால். ஸ்பிரிங்ஃபீல்டில் ஸ்டாக்கிடம் கனமான ஆட்கள் இல்லை. அதனால் இரண்டு எண்டுகளையும் கோட்டிலிருந்து எடுத்துப் பின்னால் நிறுத்தினார். பந்து அசைந்ததும் அவர்கள் ஓடிவந்து, பந்து வைத்திருப்பவருக்கு முன்னால் புகுந்து வழி திறப்பார்கள். நின்ற இடத்தில் மோதுபவனைவிட மூன்று அடி ஓடிவந்து மோதுபவனுக்கு வலு அதிகம். எடை குறைந்த அணி அந்த வித்தியாசத்தை ஓட்டத்தால் ஈடுகட்டியது.

கோட்டில் ஐந்து பேர்தான் மிச்சம் என்பதால் பந்து நகர்வதற்கு முன்பே எதிரி எண்டு உள்ளே பாய்ந்தால் எல்லாம் குலைந்துவிடும். தொடக்கத்தின் நேரம் துல்லியமாக இருக்க வேண்டும். அதற்குத்தான் மணிக்கணக்கில் ஒரே அசைவைப் பயிற்சி செய்தார்கள். பின்னாளில் இந்த யோசனையைப் பலரும் பெருக்கி, ஆபத்தான கூட்டுமோதல்களாக்கினார்கள். கோட்டில் ஏழு பேர் கட்டாயம் என்ற விதி 1910-இல் வந்து இந்த வகை முழுவதற்கும் முற்றுப்புள்ளி வைத்தது.

9. கோச்சுக்கு எதுக்கு பேராசிரியர் பதவி? சும்மா பட்டமா?

சும்மா பட்டம் இல்லை. சிகாகோ பல்கலைக்கழகம் 1892-இல் திறந்தபோது அதன் முதல் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர், யேலில் ஸ்டாக்குக்கு விவிலியம் கற்பித்தவர். ஆண்டுக்கு 2,500 டாலர் சம்பளம், இணைப் பேராசிரியர் நிலை, உடற்கல்வித் துறையின் தலைமை, நிரந்தரப் பணி ஆகியவற்றைக் கொடுத்து அழைத்தார். அந்த நாளில் பெரும்பாலான கல்லூரிகளில் பயிற்சியாளர் என்பவர் பழைய மாணவர்கள் பணம் திரட்டி ஒரு பருவத்துக்குக் கூட்டிவரும் ஆள். தோற்றால் அடுத்த வருடம் வேறொருவர்.

நிரந்தரப் பணியால் நடைமுறையில் மூன்று விஷயம் நடந்தது. தோல்விக்குப் பயந்து குறுக்கு வழி தேட வேண்டிய நெருக்கடி குறைந்தது. ஒரே தந்திரத்தைப் பல ஆண்டு வளர்த்தெடுக்க நேரம் கிடைத்தது. டிக்கெட் வருமானம், மைதானம், ஆட்ட அட்டவணை என்று எல்லாமே ஒரே கையில் சேர்ந்தது. மூன்றாவதால் வந்த தொல்லையை 16-ஆம் கேள்வியில் பாருங்கள்.

இது சந்திரசேகரும் ஏ.கே. ராமானுஜனும் பிற்காலத்தில் பணியாற்றிய அதே பல்கலைக்கழகம். ஃபுட்பாலில் ஒரு காலத்தில் நாட்டையே ஆட்டிப்படைத்தது என்று சொன்னால் பலர் நம்பமாட்டார்கள்.

10. கோச்சே இறங்கி ஆடினாராமே, உண்மையா?

ஆம். 1892-இல் முதல் அணிக்கு ஆள் போதவில்லை. ஸ்டாக்கும் களமிறங்கினார், எதிரணிகளில் சில, உயர்நிலைப் பள்ளி அணிகளும் ஒய்.எம்.சி.ஏ. அணிகளும். அன்றைக்கு இதைத் தடுக்கும் விதி இல்லை என்பதை 5-ஆம் பதிலில் சொன்னோம்.

மனைவி ஸ்டெல்லாவையும் இங்கே சொல்ல வேண்டும். 1894-இல் திருமணம். ஆட்ட ஓட்டத்தைப் படம் வரைந்து குறிப்பெடுப்பது, எதிரணியின் பழக்கங்களைக் கவனித்து எழுதுவது என்று பல பத்தாண்டுகள் அவர் செய்த வேலை, இன்று அணிகள் தனி ஆட்களை வைத்துச் செய்துகொள்ளும் வேலை. ஸ்டாக்கின் சாதனைப் பட்டியல்களில் அவர் பெயர் விடுபடுவது நியாயமே இல்லை.

11. ஹடில், டம்மி, ரிவர்ஸ் எல்லாம் இவர் கண்டுபிடிச்சதுன்னு பட்டியல் நீளுதே. எதை நம்பறது?

தரம் பிரித்துப் பார்க்க வேண்டும். மோதிப் பழகும் டம்மி, 8-ஆம் பதிலில் சொன்ன எண்ட்ஸ் பேக் ஆகியவற்றை அவருடையவை என்று தயங்காமல் சொல்லலாம். 1893-இல் ஹென்றி வில்லியம்ஸுடன் சேர்ந்து எழுதிய பயிற்சி நூலும் அப்படித்தான். ஆட்ட அசைவுகளை வரைபடமாகப் போட்டு விளக்கிய முன்னோடி நூல் அது. வாய்வழியாக ஊருக்கு ஊர் பரவிக்கொண்டிருந்த வித்தையை, யார் வேண்டுமானாலும் படித்துப் பழகும் பாடமாக்கியது. எங்கள் கணிப்பில் அவருடைய மற்ற எந்தப் புதுமையையும்விட இதுவே பெரியது.

ஹடில், அதாவது ஒவ்வொரு டவுனுக்கும் முன் வட்டமாகக் கூடிப் பேசுவது, வேறு கதை. காது கேளாதோருக்கான காலோடெட் கல்லூரி 1894-இல் இதைச் செய்தது. குவார்ட்டர்பேக் (களத்தில் ஆட்டத்தை நடத்துபவர்) பால் ஹப்பர்டு, தங்கள் சைகை மொழியை எதிரணி பார்த்துவிடாமலிருக்க ஆட்களை வட்டமாக நிறுத்தினார். ஸ்டாக் பயன்படுத்தியது 1896-இல். இதை எல்லா இடத்திலும் பரப்பியவர் 1920களில் இல்லினாய் பயிற்சியாளர் ராபர்ட் ஸப்கே. ஆகவே ஸ்டாக் முதலில் செய்தவர்களில் ஒருவர், அவ்வளவுதான்.

ரிவர்ஸ் (ஓட்டத்தின் திசையைத் திடீரென்று மாற்றுவது), மேன்-இன்-மோஷன் (பந்து அசையும் முன்பே ஒருவர் நகர்வது) போன்றவற்றில் ஒரே காலத்தில் பல ஊர்களில் ஒரே யோசனை தோன்றியிருக்கிறது. 57 பருவம் தொடர்ந்து நின்றவர் என்பதால் பல விஷயம் அவர் கணக்கில் எழுதப்பட்டுவிட்டது.

12. அந்த டம்மியை வெச்சு எப்படிப் பழகுவாங்க? சும்மா மெத்தையைக் குத்தறதா?

முதலில் ஏன் தேவைப்பட்டது என்பதைச் சொல்லிவிடுகிறோம். 1888-இல் இடுப்புக்குக் கீழே, முழங்கால் வரை பிடித்து வீழ்த்தலாம் என்று விதி மாறியது. அதற்கு முன் இடுப்புக்கு மேலேதான். தாழ்வாகப் பாய்ந்து பிடிக்க யாருக்கும் பழக்கமில்லை. ஒருவர்மேல் ஒருவர் பாய்ந்து பழகினால் ஆட்டத்துக்கு முன்பே பாதிப் பேர் படுத்துவிடுவார்கள். ஸ்டாக் யேலில் மெத்தையைச் சுருட்டிக் கட்டித் தொங்கவிட்டார்.

முறை இது. சில அடி தூரத்திலிருந்து குனிந்த நிலையில் ஓடிவர வேண்டும். தலை நிமிர்ந்து, கண் திறந்து, இலக்குக்கு ஒரு பக்கமாக விலகி இருக்க வேண்டும். தோள் தொடை உயரத்தில் மோத வேண்டும். மோதிய அதே கணம் இரண்டு கையும் சுற்றி இறுக வேண்டும். அதற்குப் பிறகும் கால் நிற்கக் கூடாது. ஐந்தாறு எட்டு தள்ளிக்கொண்டே போக வேண்டும்.

பிழைகளும் எப்போதும் ஒரே மாதிரிதான். தூரத்திலிருந்தே தாவிவிடுவது: கால் தரையை விட்டதும் வலு போய்விடும், எதிராளி ஒரு எட்டு விலகினால் காற்றைத்தான் பிடிப்போம். கண்ணை மூடுவது. கையால் மட்டும் அணைத்து இழுப்பது. எல்லாவற்றிலும் மோசமானது உச்சந்தலையால் முட்டுவது. கழுத்தெலும்பு முறிவது இதனால்தான். டம்மி திருப்பி அடிக்காது என்பதால் ஒருவன் இந்தப் பிழைகளை நூறு முறை செய்து, நூறு முறை திருத்திக்கொள்ளலாம்.

13. 1905-ல ஃபுட்பாலையே தடை பண்ணப் பார்த்தாங்கன்னு சொல்றாங்களே?

அந்தப் பருவத்தில் பள்ளி, கல்லூரி, தெரு ஆட்டம் எல்லாம் சேர்த்து நாடு முழுவதும் இறந்தவர்கள் 18 பேர் என்றும் 19 பேர் என்றும் கணக்கு உண்டு. காரணம் 2-ஆம் பதிலில் இருக்கிறது: மூன்று முயற்சியில் 5 யார்டு போதும் என்றால், எல்லோரும் ஒன்றாகக் கைகோத்து நடுவில் முட்டுவதே சுலபமான வழி. 1905 அக்டோபரில் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட், ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். கொலம்பியா ஆட்டத்தையே கைவிட்டது. ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியாவும் ரக்பிக்கு மாறின.

1906-இல் விதிகள் மாறின. 5 யார்டுக்குப் பதில் 10; இரு அணிக்கும் நடுவே பந்தின் நீளத்துக்கு யாரும் நிற்கக்கூடாத இடைவெளி; முன்னோக்கி எறிய அனுமதி. அதே ஆண்டு உருவான கல்லூரி விளையாட்டுச் சங்கம்தான் 1910-இல் என்.சி.ஏ.ஏ. என்று பெயர் மாறியது. ஸ்டாக் 1904 முதல் விதிக்குழுவில் இருந்தவர்.

முன்னோக்கி எறிதல் வந்ததும் எல்லாரும் எறிந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். எறிந்த பந்தை யாரும் தொடாமல் தரையில் விழுந்தால் பந்து எதிரணிக்குப் போய்விடும். பந்தும் இன்றையதைவிடப் பருமனானது, விரலில் பிடி கிடைக்காது. பெரிய கிழக்கத்திய அணிகள் பல வருடம் தொடவே தயங்கின. சிகாகோ அந்த முதல் பருவங்களிலேயே எறிதலைப் பாடமாக வைத்துப் பழகியது. 1907, 1908 இரண்டிலும் மாநாட்டுப் பட்டத்தை, அதாவது மேற்கத்தியக் கல்லூரிகளின் கூட்டமைப்புப் பட்டத்தை வென்றது.

14. மிச்சிகனை 2-0ன்னு ஜெயிச்சது ஏன் இவ்வளவு பெரிய விஷயம்?

ஃபீல்டிங் யோஸ்ட் 1901-இல் மிச்சிகனுக்குப் பயிற்சியாளராக வந்ததிலிருந்து அந்த அணி 56 ஆட்டம் தோற்கவில்லை. 55 வெற்றி, 1903-இல் மின்னசோட்டாவுடன் ஒரே ஒரு சமன். 1905 பருவத்தில் சிகாகோவுக்கு வரும்போது 495 புள்ளி எடுத்து, ஒன்றுகூட விடாமல் இருந்தது.

நவம்பர் 30, நன்றியறிதல் நாள். இரண்டு அணியும் மாற்றி மாற்றிப் பந்தை உதைத்துத் தள்ளுவதிலேயே பெரும்பகுதி போயிற்று. இதை மந்தமான ஆட்டம் என்று தள்ளிவிடக் கூடாது. டவுன் மூன்றுதான் என்பதால், சொந்த எல்லைக்கருகே பந்தை வைத்துத் திணறுவதைவிட நீளமாக உதைத்து எதிராளியை அவன் மூலைக்குத் தள்ளுவதே சரியான கணக்கு. சிகாகோ குவார்ட்டர்பேக் வால்டர் எக்கர்சால் அதில் கெட்டிக்காரர். அவர் உதைத்த ஒரு பந்தை மிச்சிகன் ஆட்டக்காரர் தன் கோல் கோட்டுக்குப் பின்னால் பிடித்தார். அங்கேயே தரையில் வைத்திருந்தால் புள்ளி கிடையாது. வெளியே ஓடிவரப் பார்த்தார். சிகாகோக்காரர்கள் மோதிக் கோட்டுக்குப் பின்னால் தள்ளி வீழ்த்தினார்கள். சேஃப்டி, 2 புள்ளி. ஆட்டத்தின் முடிவும் அதுதான்.

1905-இன் தேசிய சாம்பியன் சிகாகோ என்று இன்று படிப்பது பிற்காலத்தில் தொகுத்தவர்கள் கொடுத்த பட்டம். அன்று தேசிய இறுதிப்போட்டி எதுவும் கிடையாது.

15. ரெட் கிரேஞ்சை எப்படி நிறுத்தினார்?

நிறுத்தவில்லை, பந்தையே அவர் கைக்குப் போகவிடாமல் பார்த்துக்கொண்டார். 1924 அக்டோபரில் இல்லினாயின் கிரேஞ்ச், மிச்சிகனுக்கு எதிராக முதல் 12 நிமிடத்தில் நான்கு டச்டவுன் போட்டிருந்தார். மூன்று வாரம் கழித்து, நவம்பர் 8 அன்று, சிகாகோவுடன் ஆட்டம். ஸ்டாக்கின் திட்டம் எளிது: ஒவ்வொரு முயற்சியிலும் மூன்று, நான்கு யார்டு நடுவில் முட்டி முன்னேறுவது, பத்து யார்டு சேர்ந்ததும் மறுபடி அதையே செய்வது. இப்படி நிமிடக்கணக்கில் பந்தைத் தன்னிடமே வைத்திருப்பது. சிகாகோ முதலில் முன்னிலை பெற்றது. கிரேஞ்ச் கிடைத்த வாய்ப்புகளிலேயே மூன்று டச்டவுன் போட்டார். முடிவு 21-21.

இத்திட்டத்தில் ஒரே ஒரு முறை பந்தைக் கீழே நழுவவிட்டாலும் அதுவரை பட்ட பாடு வீண். அதனால் வேகமான ஆளை விட்டுவிட்டு, பந்தை வயிற்றோடு இறுக்கிப் பிடிக்கும் கனத்த ஃபுல்பேக்கை (பின்வரிசை ஆட்டக்காரரை) நம்ப வேண்டும். அன்று அந்த வேலையைச் செய்தவர் ஆஸ்டின் மெக்கார்ட்டி. சிகாகோ வென்ற கடைசி மாநாட்டுப் பட்டம் இந்தப் பருவத்தினுடையது.

16. ரொம்ப ஒழுக்கமானவர்னு சொல்றாங்க. குறையே இல்லையா?

தனிப்பட்ட ஒழுக்கம் உண்மை. புகை, மது தொடமாட்டார்; கெட்ட வார்த்தை பேசமாட்டார். எவ்வளவு கோபம் வந்தாலும் ஆட்டக்காரரைக் 'கழுதை' என்பதோடு நிற்கும். தவறு பெரிதானால் 'இரட்டைக் கழுதை'.

நிர்வாகத்தில் அவ்வளவு சுத்தம் என்று சொல்லிவிட முடியாது. 9-ஆம் பதிலில் சொன்னபடி பணமும் அதிகாரமும் அவர் ஒருவரிடமே இருந்ததால் மற்றப் பேராசிரியர்களின் கட்டுப்பாடு அங்கே எட்டவில்லை. 1902 முதல் உயர்நிலைப் பள்ளிகளுக்குத் தடகளப் போட்டிகளைப் பல்கலைக்கழக வளாகத்தில் நடத்தினார். பள்ளிகளுக்கு அது நன்மைதான். நல்ல ஆட்டக்காரர்களைச் சிகாகோ பக்கம் இழுக்கும் வழியும் அதுவே. 14-இல் பார்த்த எக்கர்சால் படிப்பில் மிகவும் பின்தங்கியவர். மூன்று பருவம் நாயகனாக ஆடிவிட்டுப் பட்டம் பெறாமலே வெளியேறினார். பணத்துக்காக ஆடக்கூடாது என்பதில் ஸ்டாக் கறாராக இருந்தார். படிக்காமல் ஆடக்கூடாது என்பதில் அதே கறார் இல்லை. அவரை மதிக்கிறவர்கள் இதைச் சொல்லத்தான் வேண்டும்.

17. 41 சீசன் இருந்தவரை ஏன் அனுப்பிட்டாங்க? தோத்ததாலயா?

தோல்வியும் ஒரு பின்னணி. 1924-க்குப் பிறகு சிகாகோ மெலிந்தது. இல்லினாய், ஒஹாயோ, மிச்சிகன் போன்ற மாநிலப் பல்கலைக்கழகங்கள் 1920களில் பெரிய அரங்கங்கள் கட்டின. மாணவர் தொகையும் மளமளவென்று ஏறியது. சிகாகோவில் இளநிலை மாணவர்கள் குறைவு, படிப்பும் கடினம். 1929-இல் தலைவரான ராபர்ட் ஹட்சின்ஸ் ஆட்டத்துக்குப் பெரிய இடம் கொடுக்க விரும்பாதவர்.

ஆனால் கைக்கு வந்த காரணம் ஆசிரியர்களுக்கான ஓய்வு விதி. வயது 70. எந்தப் பேராசிரியர் பதவி அவரை 40 ஆண்டு காப்பாற்றியதோ அதுவே 1932-இல் அவருக்கு நாள் குறித்தது. ஆலோசகர் போன்ற வேறு பொறுப்பு தருவதாகச் சொன்னார்கள். களத்தில் இல்லாத வேலை வேண்டாம் என்று மறுத்துவிட்டார்.

சிகாகோ 1939-இல் மிச்சிகனிடம் 85-0 என்று தோற்றது. அந்த டிசம்பரிலேயே ஃபுட்பாலைக் கைவிட்டது. 1969-இல்தான் மறுபடி தொடங்கியது.

18. 70 வயசுக்கு மேல யார் வேலை கொடுத்தாங்க?

ஸ்டாக்டனிலிருந்த பசிஃபிக் கல்லூரி. சிறிய கல்லூரி, பெரிய எதிரணிகள்; மொத்தக் கணக்கு 60 வெற்றி, 77 தோல்வி, 7 சமன். இந்த எண்ணை மட்டும் பார்த்தால் சறுக்கல் போலத் தெரியும். 1938-இல் அந்த அணியைச் சிகாகோவுக்கே கூட்டிவந்து, தன் பெயர் தாங்கிய மைதானத்தில், தன்னை அனுப்பிய பல்கலைக்கழகத்தை 32-0 என்று வென்றார். 1943-இல் கடற்படைப் பயிற்சிக்கு வந்த மாணவர்கள் அணியில் சேர்ந்தார்கள். பசிஃபிக் 7 வென்று 2 தோற்றது. நாட்டின் ஆண்டுச் சிறந்த பயிற்சியாளராக ஸ்டாக்கைத் தேர்ந்தெடுத்தார்கள். அப்போது வயது 81.

19. அதுக்கப்புறம் ஓய்வா?

1946-க்குப் பிறகு பசிஃபிக்கும் ஒதுங்கச் சொன்னது. மகன் அமோஸ் ஜூனியர் பயிற்சியாளராக இருந்த பென்சில்வேனியாவின் சஸ்குவெஹானா பல்கலைக்கழகத்துக்குப் போய் 1947 முதல் 1952 வரை அவரோடு வேலை செய்தார். 1951-இல் அந்த அணி ஒரு ஆட்டமும் தோற்கவில்லை. ஸ்டெல்லாவின் உடல்நிலையால் ஸ்டாக்டன் திரும்பிய பிறகு, உள்ளூர் ஜூனியர் கல்லூரியில் பந்து உதைக்கச் சொல்லிக்கொடுத்தார். 90 வயது தாண்டியும் அது தொடர்ந்தது.

20. மொத்தம் எத்தனை வெற்றி? ஒவ்வொரு இடத்துல ஒவ்வொரு எண் இருக்கே.

பரவலாக ஏற்கப்பட்ட எண் 314 வெற்றி, 199 தோல்வி, 35 சமன். பிரித்தால்: ஸ்பிரிங்ஃபீல்டு 10-11-1, சிகாகோ 244-111-27, பசிஃபிக் 60-77-7. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும்.

மாறுபடுவதற்கு இரண்டு காரணம். ஆரம்ப ஆண்டுகளில் பள்ளி அணிகளோடு ஆடியதைச் (10-ஆம் பதில்) சேர்ப்பதா விடுவதா என்பதில் சிகாகோ கணக்கு ஒன்றிரண்டு மாறும். சஸ்குவெஹானா வெற்றிகளைத் தந்தை கணக்கில் சேர்ப்பதா என்பது இன்னொன்று; தலைமை மகன் பெயரில் இருந்ததால் 314-இல் அவை இல்லை.

1981 நவம்பரில் அலபாமாவின் பேர் பிரையன்ட் 315-ஆவது வெற்றி பெற்று இந்த எண்ணைத் தாண்டினார். ஸ்டாக் காலத்து இன்னொரு பயிற்சியாளரான பாப் வார்னருக்கு அன்று 313 என்று கணக்கு; பின்னால் திருத்தி 319 ஆக்கினார்கள். எனவே 'சாதனை யாரிடம் இருந்தது' என்ற கேள்விக்கு எந்த ஆண்டுக் கணக்கைப் பார்க்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

21. அணுகுண்டுக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்?

பெயர் மட்டும்தான். சிகாகோவின் பழைய ஸ்டாக் ஃபீல்டு, ஃபுட்பால் நின்றுபோனதால் காலியாகக் கிடந்தது. அதன் மேற்குப் பார்வையாளர் மாடத்துக்குக் கீழே இருந்த, மட்டையால் பந்தை அடித்து ஆடும் ராக்கெட்ஸ் ஆட்டக் கூடத்தில் என்ரிகோ ஃபெர்மி குழுவினர் கிராஃபைட் கட்டிகளும் யுரேனியமும் அடுக்கி, 1942 டிசம்பர் 2 பிற்பகல் 3:25-க்குத் தன்னைத்தானே தொடரும் முதல் அணு வினையை நடத்தினார்கள். ஸ்டாக் அப்போது கலிஃபோர்னியாவில் இருந்தார். மாடம் 1957-இல் இடிக்கப்பட்டது. இன்று அந்த நிலத்தில் ரீகன்ஸ்டைன் நூலகமும், 1967-இல் நிறுவிய ஹென்றி மூர் சிற்பமும் இருக்கின்றன.

22. ஸ்டாக் பத்தித் தேடும்போது எங்கே குழப்பம் வரும்?

மூன்று இடத்தில். முதலாவது, மகனுக்கும் அதே பெயர். 1940களுக்குப் பிந்தைய செய்திகளில் 'ஜூனியர்' இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது, ஸ்டாக் பெயரில் மைதானங்கள் பல: சிகாகோவின் பழையது, அதே பல்கலைக்கழகம் பின்னால் வேறிடத்தில் அமைத்தது, ஸ்டாக்டனில் ஒன்று, ஸ்பிரிங்ஃபீல்டில் ஒன்று. அணு வினை நடந்தது முதலாவதில் மட்டும்.

மூன்றாவது, விருதுகள். 1951-இல் கல்லூரி ஃபுட்பால் புகழரங்கின் முதல் தொகுதியில் ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் சேர்க்கப்பட்டார். 1959-இல் சேர்ந்தது கூடைப்பந்துப் புகழரங்கு. 'ஸ்டாக் பவுல்' என்பது என்.சி.ஏ.ஏ. மூன்றாம் பிரிவின் இறுதிப்போட்டி, 1973 முதல் இவர் பெயரில் நடக்கிறது. ஆட்டத் திறமைக்காக உதவித்தொகை கொடுக்காத கல்லூரிகளின் பிரிவு அது. சிகாகோ பல்கலைக்கழகம் இப்போது ஆடுவதும் அதில்தான்.